கொட்டகையில் பிறந்த வேகம்
(மிக்கி தாம்சன் வாழ்க்கை)

வேகம் என்பது செல்வர்களின் விளையாட்டு என்றே உலகம் நெடுங்காலம் எண்ணி வந்தது. அந்த எண்ணத்திற்குக் காரணமும் இருந்தது. பந்தயக் கார் கட்டப் பெரிய தொழிற்சாலை வேண்டும். பெயர்பெற்ற வல்லுநர்கள் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாகப் பணம் வேண்டும். இந்த மூன்றில் ஒன்றும் இல்லாத ஓர் இளைஞன், இரவெல்லாம் அச்சகத்தில் உழைத்துவிட்டுப் பகலில் தன் வீட்டுக் கொட்டகையில் இரும்புக் குழாய்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவன் தரையில் மணிக்கு 400 மைலைத் தாண்டிச் சென்றான். அவன்தான் மிக்கி தாம்சன்.

நம்மில் பலர் பொறியியல் பயில்கிறோம். பட்டறைக்குள் நுழைகிறோம், வரைபடம் போடுகிறோம். பணம் போதவில்லை, கருவி போதவில்லை என்று பெருமூச்சு விடுகிறோம். அத்தகைய வேளைகளில் நினைத்துப் பார்க்கத் தக்க வாழ்க்கை இது. வெற்றிகள் மட்டுமே நிறைந்த வாழ்க்கை அன்று. துணிவும் அறிவும் நிறைந்தது. இழப்பும் துயரமும் கலந்தது. ஆகவே அதனை முழுமையாகவே பார்ப்போம்.

இளமையும் சூழலும்

மேரியன் லீ தாம்சன் என்பது அவருடைய இயற்பெயர். 1928ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள அல்ஹாம்பிரா என்னும் ஊரில் பிறந்தார். மிக்கி என்பது செல்லப் பெயர், அதுவே நிலைத்துவிட்டது.

அவர் வளர்ந்த காலத்தையும் இடத்தையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தது. தெற்குக் கலிபோர்னியாவுக்குத் திரும்பி வந்த இளைஞர்களில் பலர் போர்க்களத்தில் விமானங்களையும் டாங்கிகளையும் பழுது பார்த்தவர்கள். கையில் தொழில் இருந்தது, பணம் இல்லை. ஊருக்கு ஊர் காயலான் கடைகளில் பழைய போர்டு கார்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. போர்டு நிறுவனம் 1932இல் கொண்டுவந்த எட்டு சிலிண்டர் எஞ்சின், எளிய மக்கள் வாங்கக்கூடிய காரிலேயே வலிமையைக் கொண்டுவந்து வைத்திருந்தது. அந்தக் கார் பழையதாகிக் கழிந்தபின் எஞ்சின் காயலான் கடைக்கு வந்தது. போரில் பயன்பட்டு எஞ்சிய பொருள்களும் மலிந்து கிடைத்தன. விமானத்தின் வயிற்றில் தொங்கவிடும் பெட்ரோல் தொட்டியைக்கூட வாங்கி, அதற்குள் எஞ்சினை வைத்துச் சக்கரம் பூட்டி ஓட்டினார்கள் என்றால் அவர்களுடைய ஊக்கத்தை என்னென்பது! சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்னும் நம் பழமொழியை அங்கே ஒரு தலைமுறையே வாழ்ந்து காட்டியது.

இளைஞர்கள் இப்படிக் கட்டிய வண்டிகளை முதலில் காய்ந்த ஏரிப் படுகைகளில் ஓட்டினர். பின்னர் ஊர்த் தெருக்களிலேயே ஓட்டத் தொடங்கினர். இரவில் தெரு விளக்கடியில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கமாக நிற்கும், கைகாட்டியதும் பாயும். உயிர்ச்சேதம் நேர்ந்தது, காவல் துறை துரத்தியது. இந்த ஆட்டத்தைத் தெருவிலிருந்து அகற்றி ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர வேண்டும் என்று வாலி பார்க்ஸ் என்பவர் 1951இல் ஒரு தேசியச் சங்கத்தை நிறுவினார். கைவிடப்பட்ட விமான ஓடுதளங்கள் பந்தயத் தடங்களாயின. கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்கோடு. வளைவு இல்லை, திருப்பம் இல்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி அந்தக் கால் மைலை யார் முதலில் கடக்கிறாரோ அவரே வென்றவர். இதுவே டிராக் பந்தயம்.

மிக்கி தாம்சன் இருபது வயதைத் தாண்டிய பருவத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் என்னும் நாளேட்டின் அச்சகத்தில் அச்சுத் தொழிலாளியாக இருந்தார். இரவு முழுதும் அச்சு இயந்திரத்தின் இரைச்சல். பகலில் எஞ்சினின் இரைச்சல். உறக்கம் எப்போது என்று கேட்கத் தோன்றும். கூலியில் குடும்பத்துக்குப் போக மிஞ்சியதே அவருடைய பந்தய நிதி.

அடிச்சட்டம் என்னும் கலை

கால் மைல் பந்தயத்தில் எஞ்சின்தான் எல்லாம் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். தொடக்கத்தில் பந்தய வீரர்களும் அப்படியே நினைத்தார்கள். எஞ்சினின் வலிமையைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். ஒரு நிலைக்குமேல் வேகம் கூட மறுத்தது. வண்டி கிளம்பும்போது பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன, புகை எழுந்தது, டயர் தேய்ந்தது, வண்டி மட்டும் முன்னே போகவில்லை. எஞ்சின் கொடுத்த வலிமையைத் தரை வாங்கிக்கொள்ளவில்லை.

தாம்சன் சிந்தித்தது இங்கேதான். விலையுயர்ந்த எஞ்சின் வாங்க அவரிடம் பணம் இல்லை. வாங்கினாலும் பயன் இல்லை என்பதும் கண்முன் தெரிந்தது. ஆகவே அவர் எஞ்சினை விட்டுவிட்டு, சேசிஸ் என்று நாம் சொல்லும் அடிச்சட்டத்தைப் பார்த்தார்.

பள்ளியில் படித்த பௌதிகம் நமக்கு நினைவிருக்கும். உராய்வு விசை, தரையை அழுத்தும் எடையைப் பொறுத்தது. சக்கரம் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு பற்றும். 600 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் எடையில் நூற்றுக்கு 55 பங்கு பின்சக்கரங்களின்மேல் இருந்தால், அங்கே இறங்குவது 330 கிலோ. அதே வண்டியில் உறுப்புகளை இடம் மாற்றி நூற்றுக்கு 75 பங்கைப் பின்னே கொண்டுபோனால், இறங்குவது 450 கிலோ. வண்டியின் மொத்த எடை ஒரு கிலோவும் கூடவில்லை; செலவும் இல்லை. ஆனால் பற்று மூன்றில் ஒரு பங்குக்குமேல் கூடிவிட்டது. இதைவிட மலிவான முன்னேற்றம் வேறு ஏது?

எதை இடம் மாற்றுவது? வண்டியில் மிகக் கனமானவை இரண்டு: எஞ்சின், ஓட்டுநர். அந்நாளைய வண்டிகளில் ஓட்டுநர் எஞ்சினுக்கும் பின் அச்சுக்கும் நடுவே அமர்ந்திருந்தார். அவர் அங்கே இருக்கும்வரை எஞ்சின் பின்னே நகர முடியாது. தாம்சன் ஓட்டுநரைத் தூக்கிப் பின் அச்சுக்கும் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார். அவருடைய கால்கள் அச்சின் இருபுறமும் நீண்டு கிடந்தன. காலியான இடத்தில் எஞ்சின் பின்னே நகர்ந்து வந்தது. அச்சுக்கு அப்பால் அமர்ந்த மனிதனின் எடை, நெம்புகோலின் நுனியில் வைத்த எடைபோல் முன்பகுதியை இலேசாக்கிப் பின்சக்கரத்தை அழுத்தியது. நம் ஊர்ச் சிறுவர்கள் வைத்திருக்கும் உண்டிவில்லில் பின்னால் இழுத்த தோலில் கல் இருப்பதுபோல் ஓட்டுநர் இருந்தார். அதனால் இந்த வடிவத்துக்கு ‘ஸ்லிங்ஷாட்’, அதாவது உண்டிவில் என்றே பெயர் வழங்கியது.

1954இல் தாம்சன் கட்டிய அந்த வண்டியின் பெயர் ‘பனோரமா சிட்டி ஸ்பெஷல்’. உண்டிவில் வடிவத்தை முதலில் கட்டியவர் என்னும் பெருமை அவருக்கே அளிக்கப்படுகிறது. 1955இல் கான்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டு என்னும் ஊரில் முதல் தேசிய டிராக் பந்தயம் கூடியபோது நாடு முழுதும் இருந்து வந்தவர்கள் அதைக் கண்டனர். மழையால் அந்தப் பந்தயம் தடைப்பட்டு, இறுதிச் சுற்று பின்னொரு நாள் அரிசோனாவில் நடந்தது. வென்றவர் வேறொருவர். ஆனால் தாம்சனின் வடிவம் எல்லாருடைய கண்ணிலும் நிலைத்துவிட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக, முதல்தர டிராக் வண்டி என்றாலே உண்டிவில் வடிவந்தான் என்றாயிற்று.

குறைந்த செலவில் அத்தகைய அடிச்சட்டம் எவ்வாறு உருவாயிற்று என்பதும் அறியத் தக்கது. அந்நாளைய பட்டறைகளில் வரைபட மேசை என்பது பெரும்பாலும் கொட்டகையின் தரைதான். நடுக்கோடு ஒன்று, அச்சுகள் இரண்டுக்கும் குறுக்குக் கோடுகள். அந்தக் கோடுகள் செங்கோணம் தவறினால் வண்டி நேரே ஓடாது. அளவுகோலும் நூலும் குறைந்த விலைக்குக் கிடைப்பவை. பொறுமைக்கு விலையே இல்லை. ஆகவே ஏழைப் பட்டறைக்கும் பெரிய தொழிற்சாலைக்கும் இந்தக் கட்டத்தில் வேறுபாடு கிடையாது.

அடுத்து, சட்டத்தின் விறைப்பு. எஞ்சின் ஒரு பக்கமாகச் சுழல்வதால் சட்டத்தை முறுக்கப் பார்க்கும். சட்டம் முறுக்கிக்கொண்டால் ஒரு பின்சக்கரத்தின்மேல் பாரம் குறைந்து அது வீணே சுழலும். வண்டி பக்கவாட்டில் ஓடும். இதற்குத் தடித்த இரும்பை அடுக்குவது தீர்வன்று. அது எடையைக் கூட்டும். மெல்லிய குழாய்களையே முக்கோணம் முக்கோணமாக இணைத்தால் போதும். சதுரம் அழுத்தினால் சாயும், முக்கோணம் சாயாது. நம் ரயில் பாலங்களின் உத்தரங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றவை பழைய பொருள்கள். பின் அச்சு ஒரு பழைய காரிலிருந்து வரும். திருப்பங்களில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் பல்லமைப்பு நேர்கோட்டுப் பந்தயத்துக்குத் தேவையில்லை. அதை இறுக்கிப் பூட்டிவிட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தள்ளும். பின்புற வில்லும் தேவையில்லை; அச்சைச் சட்டத்தோடு நேரே பிணைத்துவிடலாம். மேற்கூடு வேண்டாம்; கதவு வேண்டாம்; வண்ணம் வேண்டாம். வேண்டாதவற்றை நீக்க நீக்க வண்டி இலேசாயிற்று; செலவும் குறைந்தது.

ஆனால் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வெல்டிங் இணைப்பு, ஸ்டியரிங், பிரேக், ஓட்டுநரின் தலைக்குமேல் வளைந்து நிற்கும் காப்புக் குழாய், அவரை இருக்கையோடு பிணைக்கும் வார் ஆகிய ஐந்தில் கை சுருங்கினால் உயிர் போகும். டிராக் பந்தயச் சங்கத்தார் பந்தயத்துக்குமுன் ஒவ்வொரு வண்டியையும் சோதித்துப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தியதற்கு இதுவே காரணம்.

1955இல் லாஸ் ஏஞ்சலசின் துறைமுகப் பகுதியான வில்மிங்டனில், லயன்ஸ் சங்கங்களின் ஆதரவில் ஒரு டிராக் தடம் திறக்கப்பட்டது. தெருவில் ஓடி உயிரிழக்கும் இளைஞர்களை அங்கே வரவழைப்பதே நோக்கம். அதன் முதல் மேலாளராகப் பொறுப்பேற்றவர் தாம்சனே.

உப்புவெளியில்

கால் மைலோடு அவர் மனம் அடங்கவில்லை. உலகின் தரைவேகச் சாதனை அன்று இங்கிலாந்தின் ஜான் காபிடம் இருந்தது. 1947இல் யூட்டா மாநிலத்துப் பான்னவில் உப்புவெளியில் அவர் இருதிசைச் சராசரியாக மணிக்கு 394 மைல் வேகத்தில் ஓடியிருந்தார். அவருடைய வண்டியில் இருந்தவை விமான எஞ்சின்கள். விமான எஞ்சின் வாங்கவோ பராமரிக்கவோ தாம்சனால் இயலாது. ஆகவே தாம் அறிந்ததை வைத்தே கணக்குப் போட்டார். ஒரு சாதாரணக் காரின் எஞ்சின் போதாது என்றால் நான்கை வைத்தால் என்ன?

எல் மாண்டி என்னும் ஊரில் தம் வீட்டுக் கொட்டகையில் அவர் கட்டிய அந்த வண்டி ‘சேலஞ்சர்’. போண்டியாக் கார்களில் வரும் எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் நான்கு. இரண்டு முன்சக்கரங்களை இயக்கின. இரண்டு பின்சக்கரங்களை இயக்கின. கியர்ப்பெட்டிகள் 1930களில் வந்த லாசால் கார்களுக்கு உரியவை. எஞ்சின் வேலையில் பிரிட்ஸ் வாய்ட் என்னும் நண்பர் துணை நின்றார். டயர் ஒன்றைத்தான் கொட்டகையில் செய்ய முடியாது. அந்த வேகத்தில் சாதாரண டயர் சிதறிவிடும். குட்இயர் நிறுவனம் அதற்கெனத் தனி டயர்களைச் செய்து கொடுத்தது.

நான்கு எஞ்சின் என்று சொல்வது எளிது. நான்கையும் ஒரே வேகத்தில் ஓட வைக்க வேண்டும். நான்கு கிளட்ச்சையும் ஒரே காலால் இயக்க வேண்டும். நான்கு கியர்ப்பெட்டியும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். ஒன்று பிந்தினால் மற்ற மூன்றும் அதை இழுத்துச் செல்லும். ஏதோ ஒன்று முறியும். இந்தச் சிக்கலை ஒரு மனிதரும் சில நண்பர்களும் கொட்டகையில் இருந்துகொண்டு தீர்த்தார்கள். 1959இலேயே சேலஞ்சர் 350 மைலைத் தாண்டியது. அடுத்த ஆண்டு, எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து ஊட்டும் சூப்பர்சார்ஜர்களையும் பூட்டிக்கொண்டு மீண்டும் உப்புவெளிக்கு வந்தார்.

1960ஆம் ஆண்டின் அந்தக் கோடையைப் பந்தய உலகம் மறவாது. ஆகஸ்டு 1ஆம் நாள் அத்தால் கிரகாம் என்னும் வீரர், தாமே வீட்டில் கட்டிய வண்டியில் 300 மைல் வேகத்துக்குமேல் ஓடும்போது வண்டி கவிழ்ந்து உயிரிழந்தார். அவரும் தாம்சனைப்போல் குறைந்த பொருளில் பெரிய கனவு கண்டவர். செப்டம்பர் 16ஆம் நாள் இங்கிலாந்தின் டொனால்டு கேம்பெல், பல பெரிய நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பெருஞ்செலவில் உருவாக்கிய ‘புளூபேர்டு’ வண்டியில் ஓடி விபத்துக்குள்ளானார். வண்டி நொறுங்கியது, அவர் காயத்தோடு தப்பினார். ஏழையின் வண்டியும் கவிழ்ந்தது. செல்வரின் வண்டியும் கவிழ்ந்தது. அந்த உப்புக்கு வேற்றுமை தெரியாது.

இவ்விரண்டு விபத்துகளுக்கும் நடுவே, செப்டம்பர் 9ஆம் நாள், தாம்சன் சேலஞ்சரில் ஏறினார். ஒரு திசையில் ஓடி அளந்தபோது மணிக்கு 406.60 மைல், அதாவது 654 கிலோமீட்டர். 400 மைலைத் தாண்டிய முதல் அமெரிக்கர் அவரே. அப்போது வயது 31.

ஆனால் உலகச் சாதனைக்கு ஒரு விதி உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த் திசையிலும் ஓடிக் காட்ட வேண்டும். இரண்டின் சராசரியே கணக்கு. திரும்பி ஓடும்போது எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டு முறிந்துவிட்டது. ஓட்டம் நின்றது. ஏட்டில் ஜான் காபின் பெயரே நீடித்தது.

எவ்வளவு பெரிய ஏமாற்றம்! ஆயினும் அவர் காட்டிய வழி வீண்போகவில்லை. 1965இல் அதே கலிபோர்னியாவைச் சேர்ந்த சம்மர்ஸ் உடன்பிறப்புகள், நான்கு கார் எஞ்சின்களை வரிசையாக வைத்துக் கட்டிய ‘கோல்டன்ராட்’ என்னும் வண்டியில் 409 மைலுக்குமேல் ஓடி, சக்கரத்தால் இயங்கும் வண்டிகளுக்குரிய உலகச் சாதனையைப் பெற்றனர். நான்கு கார் எஞ்சின்களால் அது முடியும் என்பதை முன்பே உப்பின்மேல் எழுதிக் காட்டியவர் தாம்சன்.

இண்டியானாபொலிசின் துயரம்

இனி நாம் சொல்லப்போகும் பகுதி துயரமானது. தாம்சனின் பெருமையை மட்டும் பேசி இதை விட்டுவிடுதல் நேர்மை ஆகாது.

1962இல் அவர் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் நுழைந்தார். அங்கே அப்போது பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் முன்புறம் இருந்தது. எஞ்சினும் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட விலையுயர்ந்த ஒன்று. ஜான் குரோஸ்வெயிட் என்னும் ஆங்கிலேய வல்லுநரைக்கொண்டு, பியூக் காரின் எஞ்சினைப் பின்புறம் வைத்த சிறிய வண்டியைத் தாம்சன் கட்டினார். டான் கர்னி அதை ஓட்டினார். தகுதிச் சுற்றில் எட்டாவது இடம் கிடைத்தது. பந்தயத்தில் கியர்ப்பெட்டி கெட்டு 92ஆம் சுற்றில் நின்றது. வென்றிருக்காவிட்டாலும் புதுமை எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

அந்த வரவேற்பு அவரை மேலும் துணியத் தூண்டியது. 1963இல் 12 அங்குலச் சிறு சக்கரங்களும் அகன்ற டயர்களும் கொண்டு, தரையோடு ஒட்டிச் செல்லும் வண்டிகளைக் கட்டினார். அவற்றை ஓட்டிப் பார்த்தவர்களில் சிலர், வண்டி கட்டுக்குள் நிற்கவில்லை என்று விலகினர். 1964இல் விதி மாறியது. பெரிய சக்கரங்களைப் பூட்ட வேண்டியதாயிற்று. ஒரு சக்கரத்துக்காகக் கட்டிய சட்டம் வேறு சக்கரத்தின்மேல் ஓடியது.

1964 மே 30. பந்தயத்தின் இரண்டாம் சுற்று. தாம்சனின் வண்டியை ஓட்டிய டேவ் மெக்டொனால்டு என்னும் இளைஞர் திருப்பம் கடந்ததும் கட்டுப்பாடு இழந்து உட்சுவரில் மோதினார். பெட்ரோல் தீப்பிழம்பாய்க் கிளம்பியது. பின்னால் வந்த எடி சாக்ஸ் விலக வழியின்றி அதில் மோதினார். இருவரும் உயிரிழந்தனர். விபத்தின் பொருட்டு அந்தப் பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டது அதுவே முதல்முறை. அதன்பின் அங்கே பெட்ரோல் போய் மெத்தனால் எரிபொருள் வந்தது. தொட்டிகளின் அமைப்பும் மாறியது.

இதில் தாம்சனின் பொறுப்பு எவ்வளவு என்பதைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியிருக்கிறார்கள். நாம் காண வேண்டியது ஒன்று. 1954இல் அவர் தம் கொட்டகையில் துணிந்தபோது, தவறினால் விழுவது அவருடைய உயிர். பத்தாண்டு கழித்து அவர் கட்டிய வண்டியில் அமர்ந்தது வேறொருவர். கட்டுகிறவனும் ஓட்டுகிறவனும் வெவ்வேறு ஆனதும் கணக்கே மாறிவிடுகிறது. தன் உயிரைப் பணயம் வைப்பது துணிவு என்று பெயர் பெறலாம். பிறர் உயிர் இருக்கும் இடத்தில், ஐயம் எழுந்த அன்றே வண்டியை நிறுத்துவதுதான் பொறியாளனின் கடமை.

அவருடைய பழைய உண்டிவில் வடிவமும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. எஞ்சினும் கிளட்ச்சும் கியர்ப்பெட்டியும் ஓட்டுநரின் முன்னே இருந்தன. எது வெடித்தாலும் அவர்மேல்தான் சிதறும். 1970 மார்ச்சில் டான் கார்லிட்ஸ் என்னும் புகழ்பெற்ற வீரரின் கியர்ப்பெட்டி வெடித்து அவருடைய வலக்காலின் ஒரு பகுதி துண்டாயிற்று. நடந்த இடம் எது? தாம்சன் முதல் மேலாளராக இருந்த அதே லயன்ஸ் தடம். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே கார்லிட்ஸ் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னே வைக்கும் வழியைச் சிந்தித்தார். 1971இல் அத்தகைய வண்டியில் வெற்றியும் கண்டார். சில ஆண்டுகளில் உண்டிவில் வடிவம் மறைந்தது. பற்றுக்காகப் பிறந்த வடிவம் பாதுகாப்புக்காக விலகிக்கொண்டது. பொறியியலின் வளர்ச்சி இவ்வாறே நிகழ்கிறது.

பிற்காலம்

தாம்சன் சோர்ந்து அமரவில்லை. 1963இல் தம் பெயரிலேயே டயர் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அந்தப் பெயரில் டயர்கள் இன்றும் வருகின்றன. 1973இல் ‘ஸ்கோர்’ என்னும் அமைப்பை நிறுவி, மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்துப் பாலைவனங்களில் நடக்கும் நெடும்பந்தயங்களை வளர்த்தார். நம் நாட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் கரடுமுரடான தடத்தில் ஓடும் வண்டிகளைக் கட்டிப் போட்டியிடும் பாஹா என்னும் போட்டியை நாம் அறிவோம். அந்தப் பெயர் அந்தப் பாலைவனத்திலிருந்து வந்ததே.

1968இல் இரண்டாவது சேலஞ்சரைக் கட்டி உப்புவெளிக்குக் கொண்டுவந்தார். மழை பெய்து உப்பு கரைந்தது. உதவிய நிறுவனமும் பின்வாங்கியது. வண்டி கொட்டகையில் கிடந்தது. ஆண்டுகள் இருபது ஓடின. மகன் டானியும் பந்தய வீரராக வளர்ந்திருந்தார். இருவரும் சேர்ந்து அதைத் தூசு தட்டி எடுக்கலாம் என்று எண்ணியிருந்த வேளையில் அந்தக் கொடுமை நேர்ந்தது. 1988 மார்ச் 16ஆம் நாள் விடியற்காலையில், தம் வீட்டு வாயிலில், தாம்சனும் அவருடைய மனைவி டுரூடியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர்கள் மிதிவண்டியில் தப்பினர். அவர்கள் இன்றுவரை அகப்படவில்லை. கொலைக்கு ஏற்பாடு செய்தவர் என்று முன்னாள் வணிகக் கூட்டாளி ஒருவர் 2007இல் தண்டிக்கப்பட்டார். உப்புவெளியும் நெருப்பும் கொள்ளாத உயிரை மனிதப் பகை கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 59.

அவர் விட்டுச் சென்றது

குறைந்த பொருளில் ஒரு வண்டி கட்டும் குழுவில் நீங்கள் இருக்கலாம். இல்லாவிட்டால், குறைந்த நிதியில் ஓர் ஆய்வோ, ஒரு பாலத்தின் மாதிரியோ செய்துகொண்டிருக்கலாம். தாம்சனின் வாழ்க்கை உங்களுக்குச் சில செய்திகளைச் சொல்கிறது.

எது இல்லை என்று ஏங்குவதற்குமுன், எது தடையாக நிற்கிறது என்று பாருங்கள். எல்லாரும் எஞ்சினைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் பற்றைத் தேடினார். இருப்பதை இடம் மாற்றி வைத்தாலே தீரும் குறைகள் பல. புதிதாக வாங்குவது கடைசி வழியாக இருக்கட்டும். அழகுக்கும் மேற்கூட்டுக்கும் செய்யும் செலவைக் குறையுங்கள். இணைப்புக்கும் பிரேக்குக்கும் காப்புக் குழாய்க்கும் செய்யும் செலவை ஒரு காசும் குறைக்காதீர்கள். வண்டியில் அமரப்போகிறவர் உங்கள் அறைத்தோழராக இருந்தால், அவர் சொல்லும் ஐயத்தைப் போட்டிக்கு முந்திய இரவிலும் காது கொடுத்துக் கேளுங்கள்.

தந்தை மறைந்து இருபது ஆண்டுகளுக்குமேல் கழிந்தபின் டானி தாம்சன் அந்தப் பழைய வண்டியை எடுத்தார். புதிதாக ஒன்று கட்ட அவர் எண்ணவில்லை. தந்தை கட்டியதையே பழுது பார்த்தார், திருத்தினார், புதிய எஞ்சின்களைப் பூட்டினார். 2016இல் அவர் ஓடிய சராசரி வேகம் 406 மைலைத் தாண்டியது. தந்தை ஒரு திசையில் மட்டும் தொட்ட எண்ணை மகன் இரு திசையிலும் தொட்டார். 2018 ஆகஸ்டில் அதே உப்புவெளியில் மீண்டும் ஓடினார். போகும்போது ஒன்றும் முறியவில்லை. திரும்பும்போதும் ஒன்றும் முறியவில்லை. இருதிசைச் சராசரி மணிக்கு 448.757 மைல். பிஸ்டன் எஞ்சின் பூட்டிய வண்டிகளில் அதுவரை யாரும் காணாத வேகம் அது. 1968இல் மழையால் நின்ற ஓட்டம் ஐம்பது ஆண்டு கழித்து முடிந்தது.